வேலை மாறுதலும் கிரீன் கார்டு வரிசையும்

கருப்பூரில் 1966-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரசு பொறியியல் கல்லூரியிலோ, சேலம், நாமக்கல் சமவெளியெங்கும் பின்னாளில் பெருகிய தனியார் கல்லூரிகளிலோ படித்து, சென்னையிலும் பெங்களூரிலும் சில ஆண்டுகள் வேலை பார்த்து, அங்கிருந்து அமெரிக்கா சென்ற ஓமலூர் வட்டாரத்து இளைஞர்களுக்கு, அந்நாட்டில் வேலை செய்யும் உரிமை வேறு, அங்கே நிலையாக வாழும் உரிமை வேறு என்பது போய்ச் சேர்ந்த சில ஆண்டுகளிலேயே தெரிந்துவிடுகிறது. முன்னதைத் தருவது எச்-1பி விசா. 1990-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தால் இன்றைய வடிவம் பெற்ற இந்த விசா, சிறப்புத் தகுதி வேண்டும் ஒரு பணிக்கு அயல்நாட்டவர் ஒருவரை மும்மூன்று ஆண்டுகளாக மொத்தம் ஆறு ஆண்டுகள் வரை அமர்த்திக்கொள்ள ஒரு நிறுவனத்துக்கு இடம் தருகிறது. பின்னது நிரந்தர வசிப்புரிமை, அதாவது கிரீன் கார்டு. இது குடியுரிமை அன்று, ஆனால் எந்த நிறுவனத்தின் தயவும் இல்லாமல் எந்த வேலையிலும் இருக்கவும், வேலையே இல்லாமல் இருக்கவும் கூட உரிமை தருவது. இந்தியாவில் பிறந்தவருக்கு இவ்விரண்டுக்கும் நடுவே பத்தாண்டுகளைத் தாண்டிய காத்திருப்பு கிடக்கிறது.

அவ்வளவு காலம் ஒருவர் ஒரே நிறுவனத்தில் இருப்பார் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. நிறுவனமே அவ்வளவு காலம் இருக்கும் என்று சொல்வதற்கும் இல்லை. ஆகவே எந்தக் கட்டத்தில் வேலை மாறினால் எது மிஞ்சும், எது போகும் என்பதே காத்திருப்பவர் எல்லோரும் கேட்கும் கேள்வி. இதற்கு விடை காண, கிரீன் கார்டு முயற்சியில் எந்தப் பகுதி நிறுவனத்துக்கு உரியது, எந்தப் பகுதி ஊழியருக்கு உரியது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அந்தப் பிரிவினை தெரிந்தவருக்கு வேலை மாறும் நாளைக் குறிப்பது அவ்வளவு கடினமன்று. புதிய நிறுவனம் சொல்லும் சம்பளத்தை மட்டும் பார்த்து நாள் குறிப்பவர்களே பெரும்பாலும் இடறுகிறார்கள்.

மூன்று படிகள்

வேலைவழிக் கிரீன் கார்டின் முதற்படி, ஊழியர்கள் ‘பெர்ம்’ என்று சுருக்கமாகச் சொல்லும் தொழிலாளர் சான்று. 2005 மார்ச் 28 முதல் நடப்பில் உள்ள இம்முறையில், குறித்த ஊரில் குறித்த பணிக்குத் தகுதியும் விருப்பமும் உள்ள அமெரிக்கத் தொழிலாளி கிடைக்கவில்லை என்பதை நிறுவனம் அந்நாட்டுத் தொழிலாளர் துறைக்கு மெய்ப்பிக்க வேண்டும். அதற்காக அந்தப் பணிக்கு அவ்வட்டாரத்தில் நிலவும் ஊதியம் எவ்வளவு என்பதை முதலில் துறையிடமே கேட்டுப் பெற்று, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நாளிதழ் விளம்பரம் கொடுத்து, மாநில வேலைவாய்ப்பு அமைப்பில் 30 நாள் அறிவிப்பு வைத்து, பட்டதாரிப் பணியாயின் மேலும் மூன்று வழிகளில் ஆள் தேடி, வந்த விண்ணப்பங்களைப் பரிசீலித்த பின்பே மனு அளிக்க முடியும் என்பதால், மனு போவதற்கு முன்பே பல மாதங்கள் கழிந்துவிடுகின்றன; போன பிறகு துறை முடிவு சொல்ல அண்மை ஆண்டுகளில் ஓராண்டுக்கும் மேல் ஆகியிருக்கிறது. வழக்கறிஞர் கட்டணம் உட்பட இந்தப் படியின் செலவு முழுவதையும் நிறுவனமே ஏற்க வேண்டும் என்பது 2007-ஆம் ஆண்டு முதல் உள்ள விதி. ஊழியரிடம் அதை வசூலிப்பதும், அவர் விலகும்போது சம்பளத்தில் பிடிப்பதும் அவ்விதிக்கு மாறானவை.

இரண்டாம் படி ஐ-140 என்னும் மனு. பெர்ம் சான்று கிடைத்த 180 நாள்களுக்குள் நிறுவனம் இதைக் குடியேற்றச் சேவைத் துறையிடம் அளித்து, சொன்ன சம்பளத்தைக் கொடுக்கத் தன்னிடம் பணவலிமை உள்ளது என்பதையும், பெர்ம் மனு அளித்த நாளிலேயே ஊழியருக்கு வேண்டிய படிப்பும் அனுபவமும் இருந்தன என்பதையும் காட்ட வேண்டும். கூடுதல் கட்டணம் செலுத்தினால், பெர்ம் வழி வந்த மனுக்களில் 15 வேலை நாள்களில் துறை நடவடிக்கை எடுக்கும். இதையே ‘பிரீமியம்’ என்கிறார்கள். மூன்றாம் படியான ஐ-485 மட்டுமே ஊழியர் தம் பெயரில், தம் மனைவி மக்களோடு அளிக்கும் விண்ணப்பம். வரிசையில் அவருடைய முறை வந்தால்தான் இதை அளிக்க முடியும் என்பதால், முதலிரண்டு படிகளை ஒரே மூச்சில் ஏறியவர்களும் மூன்றாம் படியின் முன் ஆண்டுக்கணக்கில் நிற்கிறார்கள்.

பெர்ம் சான்று நிறுவனத்துக்கு உரியது; அந்த நிறுவனம், அந்தப் பணி, அந்த ஊர் ஆகிய மூன்றோடும் பிணைந்தது. ஒரு காலத்தில் ஒருவருக்காக வாங்கிய சான்றில் இன்னொருவரைப் புகுத்தும் வழக்கம் இருந்தது. 2007 ஜூலை 16 முதல் அது தடை செய்யப்பட்டது. ஐ-140 மனுவும் நிறுவனத்துக்கு உரியதே. ஊழியர் அதன் பயனாளி மட்டுமே. ஆனால் அந்த மனு ஏற்கப்பட்டவுடன் அதிலிருந்து ஒன்று பிரிந்து ஊழியரின் உடைமையாகிறது. அதுதான் ‘பிரையாரிட்டி டேட்’ என்னும் முன்னுரிமை நாள், அதாவது பெர்ம் மனு அளிக்கப்பட்ட நாள். வரிசையில் ஒருவர் எங்கே நிற்கிறார் என்பதை முடிவு செய்வது அந்த நாள்தான்.

பிறந்த ஊர் முடிவு செய்யும் வரிசை

வேலைவழியில் ஆண்டுக்கு அடிப்படையாக 1,40,000 கிரீன் கார்டுகள் வழங்கப்படுகின்றன. மனைவி, கணவன், குழந்தைகளும் இந்த எண்ணிக்கைக்குள்ளேயே அடக்கம். எந்த ஒரு நாட்டைச் சேர்ந்தவர்களும் 7 விழுக்காட்டுக்கு மேல் பெறலாகாது என்ற உச்சவரம்பும் உண்டு. வேறு நாட்டார் எடுத்துக்கொள்ளாமல் மிஞ்சுவன மட்டுமே அதற்கு மேல் கிடைக்கும். இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்போர் தொகை மிகுதி என்பதால் வரிசை நீள்கிறது. வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் விசா அறிக்கையில், எந்த நாள் வரை முன்னுரிமை பெற்றவர்களின் முறை வந்துள்ளது என்பது நாடுவாரியாக அச்சாகிறது. முதுகலைப் பட்டம் அல்லது அதற்கு ஈடான தகுதி வேண்டும் பணிகளுக்கான இபி-2 பிரிவிலும், இளங்கலைப் பட்டம் போதும் என்னும் பணிகளுக்கான இபி-3 பிரிவிலும், 2025-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியர்களுக்கு அந்த நாள் 2013-ஆம் ஆண்டிலேயே நின்றது.

இங்கே நாடு என்பது குடியுரிமை பெற்ற நாடு அன்று, பிறந்த நாடு. ஓமலூர் அரசு மருத்துவமனையில் பிறந்தவர் பின்னாளில் சிங்கப்பூர்க் குடிமகனாகவோ கனடியக் குடிமகனாகவோ ஆகிவிட்டாலும் இந்திய வரிசையிலேயே நிற்க வேண்டும். மாறாக, அவருடைய மனைவி சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இலங்கையிலோ பிறந்தவராயின், மனைவியின் பிறப்பிடத்தைக் காட்டி இருவரும் அந்நாட்டு வரிசைக்கு மாறிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. தமிழ்க் குடும்பங்களில் இந்தச் சூழல் அரிதன்று. இருந்தும் இதை அறியாமல் பல ஆண்டுகள் இந்திய வரிசையில் நிற்க நேர்வது பரிதாபமே.

வரிசை ஒழுங்காக நகர்வதும் இல்லை. 2007 ஜூலை மாத விசா அறிக்கை ஏறத்தாழ எல்லோருடைய முறையும் வந்துவிட்டதாக அறிவித்தது. அதை நம்பி மருத்துவச் சோதனையும் ஆவணங்களும் முடித்து விண்ணப்பம் அனுப்பியவர்களிடம், ஜூலை 2 அன்று, விசா எண்கள் தீர்ந்துவிட்டன என்று கதவு சாத்தப்பட்டது. காத்திருந்த இந்தியர்கள் கூச்சலிடவில்லை. ஜூலை 10 அன்று குடியேற்றச் சேவைத் துறையின் இயக்குநருக்கு நூற்றுக்கணக்கில் பூங்கொத்துகளை அனுப்பினார்கள். துறை அப்பூக்களை இராணுவ மருத்துவமனைகளுக்கு அனுப்பிவைத்தது. ஒரு வாரம் கழித்து, ஆகஸ்டு 17 வரை விண்ணப்பங்களை ஏற்பதாக அறிவித்தது. வரலாற்றுச் சுவைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. 2020 அக்டோபரிலும் இதுபோல், ஐ-485 அளிக்க இடம் தரும் விண்ணப்ப நாள் திடீரென்று பல ஆண்டுகள் முன்னேறியது. அந்த இரு வாயில்களிலும் நுழைய முடிந்தவர்கள், நிறுவனத்துடன் உறவு முறியாமல், ஆவணங்களை ஆயத்தமாக வைத்திருந்தவர்கள்.

எந்தக் கட்டத்தில் மாறுவது

பெர்ம் மனு போகும் முன்போ, போய் முடிவு வரும் முன்போ ஒருவர் விலகினால் அதுவரை நடந்தது முழுவதும் வீண். புதிய நிறுவனம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எச்-1பி விசாவின் முதல் மூன்று ஆண்டுகளுக்குள் இருப்பவருக்கு இது தாங்கக்கூடிய இழப்பு. ஐந்தாம், ஆறாம் ஆண்டில் இருப்பவருக்கு அப்படியன்று. ஆறாண்டு முடிந்தபின் ஓராண்டு நீட்டிப்புப் பெற, பெர்ம் அல்லது ஐ-140 மனு அளித்து 365 நாள்கள் கடந்திருக்க வேண்டும். மூன்றாண்டு நீட்டிப்புப் பெற, ஐ-140 ஏற்கப்பட்டிருந்தும் நாட்டு வரம்பினால் முறை வராதிருக்க வேண்டும். இரண்டும் இல்லாதவர் நாட்டைவிட்டு வெளியேறி ஓராண்டு வெளியே இருந்தாக வேண்டும். ஆறாண்டுக் காலத்தில் ஊருக்கு வந்து தங்கிய நாள்களைக் கணக்கிட்டுத் திரும்பக் கேட்டுப் பெறலாம் என்பது ஒரு சிறு ஆறுதல்.

பெர்ம் கிடைத்து, ஐ-140 ஏற்கப்படாத இடைக்காலத்தில் விலகுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான முடிவு. இன்னும் சில வாரங்கள் பொறுத்தால் உடைமையாகியிருக்கக்கூடிய முன்னுரிமை நாளை அவர் தாமே விட்டுவிடுகிறார். புதிய நிறுவனம் அவசரப்படுத்தினாலும், பழைய நிறுவனம் பிரீமியம் கட்டணத்துக்கு ஒப்புமானால், இந்தக் காலத்தைக் கடந்த பிறகே விலகல் கடிதம் கொடுப்பது நன்று.

ஐ-140 ஏற்கப்பட்ட நாளிலிருந்து 180 நாள்கள் வரை நிலைமை பாதி பாதி. அதற்குள் பழைய நிறுவனம் மனுவைத் திரும்பப் பெற்றால் ஏற்பு ரத்தாகும். முன்னுரிமை நாள் ஊழியருக்கு மிஞ்சும், ஆனால் அந்த மனுவைக் காட்டி ஆறாண்டுக்கு மேல் எச்-1பி நீட்டிப்புக் கேட்க முடியாது. 2015 மே 26 முதல், ஐ-140 ஏற்கப்பட்டவரின் மனைவியோ கணவரோ எச்-4 விசாவில் இருந்தபடியே வேலை அனுமதி பெற முடிகிறது. ரத்து ஏற்பட்டால் அதற்கும் அடிப்படை போய்விடும். 180 நாள் கடந்துவிட்டால், 2017 ஜனவரி 17 முதல் நடப்புக்கு வந்த விதியின்படி, நிறுவனம் மனுவைத் திரும்பப் பெற்றாலும், நிறுவனமே மூடப்பட்டாலும், ஏற்பு தானாக ரத்தாவதில்லை. பொய், மோசடி, பெர்ம் சான்று ரத்து, துறையின் பெரும் பிழை ஆகிய காரணங்களால் மட்டுமே அது பறிபோகும். ஆகவே ஐ-485 அளிக்க முறை வராதவருக்கு வேலை மாற ஏற்ற காலம் ஐ-140 ஏற்பிலிருந்து ஆறு மாதம் கழிந்தபின் என்பதே இந்நூலின் முடிவு. புதிய நிறுவனம் பெர்மும் ஐ-140 மனுவும் புதிதாக அளிக்கத்தான் வேண்டும். ஆனால் பழைய முன்னுரிமை நாள் புதிய மனுவோடு ஒட்டிக்கொள்ளும். புதிய பணி பழைய பணியைப் போல இருக்க வேண்டிய கட்டாயமும் இக்கட்டத்தில் இல்லை. இபி-3 பிரிவில் பெற்ற நாளை இபி-2 பிரிவுக்கும், பெர்ம் தேவைப்படாத இபி-1 பிரிவுக்கும் கொண்டு செல்லலாம்.

ஐ-485 அளித்தவரின் நிலை வேறு. 2000 அக்டோபர் 17 அன்று கையெழுத்தான சட்டம் ஒன்று, ஐ-485 நிலுவையில் 180 நாள்கள் கடந்தால், அதே அல்லது அதையொத்த பணிக்கு வேறு நிறுவனத்தில் சேர்ந்தாலும் பழைய பெர்மும் பழைய ஐ-140 மனுவும் செல்லும் என்று வகுத்தது. புதிய நிறுவனம் மறுபடி எதையும் தொடங்க வேண்டியதில்லை. ஐ-485 இணைப்பு ஜே என்னும் படிவத்தில் பணியை உறுதிசெய்து கையெழுத்திட்டால் போதும். ‘ஒத்த பணி’ என்பதை அதிகாரிகள் பதவிப் பெயரால் மட்டும் அளப்பதில்லை. அமெரிக்கத் தொழில் வகைப்பாட்டு எண், செய்யும் வேலைகள், வேண்டிய திறமைகள், ஊதியம் ஆகிய அனைத்தையும் சேர்த்தே பார்க்கிறார்கள். மென்பொருள் எழுதுபவர் அதே துறையில் குழுத் தலைவராகவோ மேலாளராகவோ உயர்வதை 2016-ஆம் ஆண்டின் வழிகாட்டுக் குறிப்பு பொதுவாக ஏற்கிறது. அவரே வேலையை விட்டு உணவகம் நடத்தப் போனால் ஏற்கப்படாது. நிறுவனம் இன்னொரு நிறுவனத்தால் வாங்கப்பட்டு, வாங்கியவர் உரிமையும் கடமையும் சேர்த்து ஏற்றிருந்தால், அது வேலை மாறுதலாகவே கருதப்படாமல் பழைய பெர்ம் தொடரும்.

கிரீன் கார்டு எதிர்காலப் பணிக்காகவே கேட்கப்படுகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நிறுவனத்தைவிட்டு விலகியவரை, முறை வரும்போது மீண்டும் சேர்த்துக்கொள்வதாக அந்நிறுவனமே மெய்யான எண்ணத்தோடு உறுதி தருமானால், பழைய மனு பயன்படும். நல்ல முறையில் விடைபெறுவது இங்கே ஒழுக்கம் மட்டுமன்று, இலாபமும் கூட.

மாறும்போது கைக்கொள்ள வேண்டியவை

‘எச்-1பி டிரான்ஸ்ஃபர்’ என்று வழக்கில் சொல்லப்படுவது சட்டப்படி மாற்றம் அன்று. புதிய நிறுவனம் அளிக்கும் புதிய மனு. ஆனால் எச்-1பி விசாவுக்கென உள்ள ஆண்டு எண்ணிக்கையில் குலுக்கல் வழியே ஒருமுறை சேர்ந்தவர் மறுபடி குலுக்கலுக்குப் போக வேண்டியதில்லை. தங்கும் காலம் முடியுமுன் மனு அளிக்கப்பட்டு, துறை அதைப் பெற்றுக்கொண்டதும் புதிய வேலையில் சேரலாம். ஏற்பு வரும் வரை காத்திருப்பது பாதுகாப்பானது. எல்-1 விசாவில், அதாவது இந்தியக் கிளையிலிருந்து அமெரிக்கக் கிளைக்கு அனுப்பப்பட்டுச் சென்றவர்களுக்கு இந்த வசதி இல்லை. எச்-1பி கணக்கில் ஒருமுறையும் சேராதவர்களாயின் அவர்கள் முதலில் குலுக்கலில் தேற வேண்டும்.

வேலை பறிபோனவருக்கு 60 நாள் அவகாசம் உண்டு. ஆனால் அது 60 நாள் அல்லது ஐ-94 என்னும் நுழைவுப் பதிவில் உள்ள இறுதி நாள், இவற்றில் எது முந்தியதோ அதுவரை மட்டுமே. பாஸ்போர்ட் முடியும் நாளோடு ஐ-94 நாளையும் விமான நிலைய அதிகாரிகள் சுருக்கிவிடுவதுண்டு என்பதால், பாஸ்போர்ட்டை முன்கூட்டியே புதுப்பிக்காதவர் தாம் அறியாமலே அவகாசத்தை இழந்திருப்பார். அந்நாள்களுக்குள் புதிய மனு அளிக்கப்படவில்லையென்றால் வேறு விசா நிலைக்கு மாற விண்ணப்பிக்கவோ ஊர் திரும்பவோ வேண்டும். நிறுவனமே வேலையிலிருந்து நீக்கியிருந்தால், ஊர் திரும்பும் நியாயமான பயணச் செலவை அந்நிறுவனம் ஏற்க வேண்டும். தாமே விலகியவருக்கு அது கிடையாது.

2025 செப்டம்பர் 21 முதல் அளிக்கப்படும் புதிய எச்-1பி மனுக்கள் சிலவற்றுக்கு விதிக்கப்பட்ட ஒரு லட்சம் டாலர் கட்டணம், அமெரிக்காவுக்குள் முறையான நிலையில் இருந்தபடி நிறுவனம் மாறுபவருக்குப் பொருந்தாது என்று அக்டோபர் 20 அன்று துறை விளக்கம் தந்தது. ஆனால் அவருடைய நிலை காலாவதியாகி, உள்ளிருந்தபடி மாறும் தகுதி இல்லை என்று துறை முடிவு செய்தால் கட்டணம் எழும். அவ்வளவு தொகை கொடுத்து ஓர் ஊழியரை எடுக்கும் நிறுவனம் அரிது. ஆகவே 60 நாளைக் கடைசி நாள் வரை இழுப்பது முன்னெப்போதையும்விட இன்று ஆபத்தானது.

ஐ-485 அளித்தவர்களுக்கு இஏடி என்னும் வேலை அனுமதி அட்டையும் கிடைக்கும். அதைக் கொண்டு எங்கும் சேரலாம் என்பதால் எச்-1பி விசாவைக் கைவிடும் எண்ணம் பலருக்கு எழுகிறது. ஆனால் 2025 அக்டோபர் 30 முதல், புதுப்பிக்க விண்ணப்பித்தவர்களுக்கு அட்டை தானாக நீண்டுகொண்டிருந்த வசதி நீக்கப்பட்டது. டிசம்பரில், ஐந்தாண்டுகளாக இருந்த அட்டையின் காலம் 18 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. புதுப்பிப்புத் தாமதமானால் அட்டை காலாவதியாகும் நாளில் வேலையை நிறுத்த வேண்டிவரும். மேலும் ஐ-485 நிராகரிக்கப்பட்டால் எச்-1பி நிலையில் இருப்பவர் காலூன்ற இடம் உண்டு; இஏடி மட்டும் வைத்திருப்பவருக்கு இல்லை. ஊரில் துக்கம் நேர்ந்து உடனே புறப்பட வேண்டியவருக்கும், எச்-1பி நிலையில் இருந்தால் தனிப் பயண அனுமதி இல்லாமலே போய்வர முடியும். ஆனால் பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதியாகியிருந்தால் சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் வேண்டும். 2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி விண்ணப்பதாரர்களின் சமூக ஊடகப் பதிவுகளையும் பரிசோதிக்கத் தொடங்கியதால் நேர்காணல் நாள்கள் மாதக்கணக்கில் தள்ளிப்போயின. வேலை மாறும் காலத்தில் அவசியமற்ற பயணத்தைத் தவிர்ப்பதே அறிவு.

ஊரிலிருந்து வர வேண்டிய தாள்கள்

ஐ-485 விண்ணப்பத்துக்கு வேண்டிய ஆவணங்களில் மிகுந்த தொல்லை தருவது, எளிதென்று எல்லோரும் நினைக்கும் பிறப்புச் சான்றிதழ். தமிழ்நாட்டில் 1970 ஏப்ரல் 1-க்குப் பின் பிறந்தவர்களுக்கு முறையான பிறப்புச் சான்றிதழ் இருக்க வேண்டும் என்று அமெரிக்க அதிகாரிகள் எதிர்பார்க்கிறார்கள். ஓமலூர், காடையாம்பட்டி, தாரமங்கலம் பகுதிச் சிற்றூர்களில் வீட்டிலேயே பிறந்து பதிவே ஆகாதவர்களும் உண்டு; பதிவாகியும் ‘ஆண் குழந்தை’, ‘பெண் குழந்தை’ என்பதற்கு மேல் பெயர் ஏறாதவர்களும் உண்டு. பெயர் சேர்ப்பதற்குப் பதிவு நாளிலிருந்து 15 ஆண்டுக் கால வரம்பு விதிகளில் இருப்பதால், இன்று முப்பது வயதைத் தாண்டியவருக்கு அந்த வழி திறந்திருக்கிறதா என்பதை முதலில் பதிவாளரிடம் கேட்டறிய வேண்டும். பேரூராட்சி எல்லைக்குள் பிறந்தவர் பேரூராட்சி அலுவலகத்திலும், சிற்றூரில் பிறந்தவர் கிராம நிர்வாக அலுவலர் வழியாக வட்டாட்சியர் அலுவலகத்திலும் பழைய பதிவேட்டைத் தேடச் சொல்லலாம். பதிவே இல்லையென்றால் ‘பதிவு இல்லை’ என்னும் சான்றைப் பெற்று, அதனுடன் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், பிறப்பை நேரில் அறிந்த பெற்றோர் அல்லது மூத்த உறவினர் இருவரின் உறுதிமொழிப் பத்திரங்கள் ஆகியவற்றை இணைப்பது வழக்கம்.

விண்ணப்பிக்கும் ஆண்டில் தாமதப் பதிவு செய்து புதிதாக வாங்கிய சான்றிதழை அதிகாரிகள் ஐயத்தோடு நோக்கிக் கூடுதல் ஆதாரம் கேட்கிறார்கள். ஆகவே தாமதப் பதிவு செய்தவரும் பள்ளி ஆவணங்களைச் சேர்த்தே அனுப்ப வேண்டும். இதைவிட நுட்பமான சிக்கல், பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்ததாகக் காட்டுவதற்காகப் பள்ளியில் சேர்க்கும்போது எழுதிவைக்கப்பட்ட பிறந்த நாள். மதிப்பெண் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் அந்த நாளையே சொல்ல, பதிவேடு வேறொரு நாளைச் சொல்லும். முரண்பாட்டை மறைக்கப் புதிய சான்றிதழ் தயாரிப்பது மோசடியாகி, ஏற்கப்பட்ட ஐ-140 மனுவையே இழக்கச் செய்யும். நடந்ததை நடந்தபடி உறுதிமொழியில் எழுதுவதே தக்க வழி.

பெயரிலும் இதே கவனம் வேண்டும். தலைப்பெழுத்து மட்டும் வைத்துக்கொள்ளும் நம் வழக்கத்தால், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லாமல் போனவருக்கு அமெரிக்க ஆவணங்களில் அவருடைய பெயரே குடும்பப் பெயராகி, முதற்பெயர் இருக்கும் இடத்தில் ‘பெயர் தெரியாது’ என்று பொருள்படும் எழுத்துகள் அச்சாகும். நடுவழியில் தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராக்கி மாற்றுபவர் பெர்ம், ஐ-140, பட்டச் சான்றிதழ் அனைத்துக்கும் சேர்த்து விளக்கம் தர வேண்டிவரும். பட்டச் சான்றிதழிலும் ஒரு வட்டாரச் சிக்கல் உண்டு. ஒரே கல்லூரியில் படித்தவர்களுக்கு, படித்த ஆண்டைப் பொறுத்து, 1997-இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகத்தின் பெயரிலோ, சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் பெயரிலோ, அது பிரிக்கப்பட்டிருந்த காலத்துக் கோயம்புத்தூர் அண்ணா பல்கலைக்கழகத்தின் பெயரிலோ பட்டம் வந்திருக்கும்; படிவங்களில் கல்லூரியின் பெயரை எழுதாமல், பட்டத்தில் உள்ள பல்கலைக்கழகத்தின் பெயரையே எழுத வேண்டும். திருமணத்துக்குக் கோயில் இரசீது போதாது. சார்பதிவாளர் அலுவலகப் பதிவுச் சான்று வேண்டும். தமிழ் மட்டும் உள்ள ஒவ்வொரு தாளுக்கும், மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்கப்பட வேண்டும்.

வேலை மாறுபவருக்கு மிக மதிப்புள்ள தாள் அனுபவச் சான்று. புதிய பெர்ம் மனுவுக்குப் பழைய நிறுவனங்கள் ஒவ்வொன்றிலிருந்தும், பதவி, சேர்ந்த நாள், விலகிய நாள், முழுநேரமா என்பது, செய்த வேலைகள், கையாண்ட தொழில்நுட்பங்கள் ஆகியவை விரிவாக எழுதப்பட்ட கடிதம் வேண்டும். இந்திய நிறுவனங்கள் பொதுவாகத் தரும் இரண்டு வரிக் கடிதம் இதற்கு உதவாது. சேலத்திலோ பெங்களூரிலோ தொடக்க காலத்தில் வேலை பார்த்த சிறு நிறுவனம் பின்னாளில் மூடப்பட்டிருந்தால், அன்று உடன் பணியாற்றியவரின் உறுதிமொழியும் சம்பளச் சீட்டுகளும்தான் துணை. தற்போதைய நிறுவனத்தில் பெற்ற அனுபவத்தை அதே நிறுவனத்தின் பெர்மில் பெரும்பாலும் கணக்கிட முடியாது. வேறு நிறுவனத்துக்கு மாறும்போது அது கணக்கில் சேரும். வேலை மாறுவதால் கிடைக்கும் அரிய நன்மைகளுள் இதுவும் ஒன்று.

பிள்ளைகளுக்கு 21 வயது நிறைந்தால் அவர்கள் பெற்றோரின் விண்ணப்பத்தில் இடம்பெற முடியாது. ஐ-140 நிலுவையில் இருந்த நாள்களை மட்டும் வயதிலிருந்து கழித்துக்கொள்ளலாம். பிரீமியத்தில் சில நாள்களில் ஏற்கப்பட்ட மனுவில் கழிப்பதற்கு அதிகம் இராது. 2025 ஆகஸ்டு 15 முதல் இந்தக் கணக்கு, விசா அறிக்கையின் விண்ணப்ப நாளை அன்றி, கிரீன் கார்டு வழங்க முறை வந்ததைக் குறிக்கும் இறுதி நடவடிக்கை நாளை வைத்தே செய்யப்படுவதால், கைக்குழந்தையாக அழைத்துச் செல்லப்பட்டு இன்று பதின்வயதில் இருக்கும் பிள்ளைகளுடைய பெற்றோர், முன்னுரிமை நாளை இழக்கும் எந்த முடிவையும் எடுக்கலாகாது.

விலகல் கடிதம் கொடுப்பதற்கு முன், ஐ-140 ஏற்பு அறிவிப்பின் பிரதி, பெர்ம் சான்றின் பிரதி, விரிவான அனுபவச் சான்று ஆகிய மூன்றையும் கேட்டுப் பெறுவது ஒவ்வொருவரின் முதற்கடமை. மனு நிறுவனத்துக்கு உரியது என்பதால் சில நிறுவனங்கள் பிரதி தர மறுப்பதுண்டு. அப்படி மறுத்தால் குறைந்தது மனுவின் பதிவெண்ணையாவது குறித்துக்கொண்டு, அமெரிக்கத் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் குடியேற்றச் சேவைத் துறையிடமே விண்ணப்பித்துப் பிரதி பெறலாம்.